உள் போர்ஷன்

மூலை நசுங்கிய மேக்.
ரிச்சி தெருவில் பேரம் பேசி இருபத்தெட்டாயிரம்,
ஆறு தவணை, நாலு கட்டியாயிற்று.
அதற்குள் லினக்ஸுக்கு ஓர் இடம் பிரித்துக் கொடுத்தேன்:
நாலு ஜிபி நினைவகம், இரண்டு கோர்,
நாற்பது ஜிபி வட்டு.
காசிமேட்டில் பவுலின் அக்கா எங்களுக்குப் பிரித்ததும்
ஏறக்குறைய இப்படித்தான்:
ஓர் அறை, அரைச் சமையலறை,
காலையில் ஏழு குடம்,
தனி சப்-மீட்டர்.

முதல் நாள் தப்பான கோப்பு.
இன்டெல் சில்லுக்கானதை இறக்கிவிட்டு
கறுப்புத் திரையை ஒரு மணி நேரம் முறைத்தேன்.
அன்றைய டேட்டா மொத்தமும் போச்சு.
மறுநாள் ஆர்ம் என்று போட்டிருந்ததை எடுத்தேன்.
வரிகள் ஓடத் தொடங்கின,
ஏலக்காரர் வாயில் வஞ்சிரத்தின் விலை ஓடுவதுபோல.
காதில் விழும், கையில் நிற்காது.
கடைசியில் ஒரு டாலர் குறி,
பக்கத்தில் துடிக்கும் சின்னக் கட்டம்.

ஐஸ் கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்த கனகு
கால் கழுவாமல் எட்டிப் பார்த்தான்.
"இன்னாமே, பொட்டிக்குள்ள இன்னொரு பொட்டியா?
உள்ள கீறதுக்கு
தான் உள்ளதான் கீறோம்னு தெரியுமா?"

தானாகத் தெரியாது என்றேன்.
ஒரு கட்டளை இருக்கிறது,
அடித்துக் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடும்.

"அப்ப கேக்காத."

உள்ளிருந்து வெளியே போவதெல்லாம்
மேக்கின் முகவரியில்தான் போகிறது.
எங்களுக்கு வரும் பேங்க் கடிதத்திலும்
மே/பா பவுலின்.
இந்த ஒப்புமையை இதற்குமேல் இழுக்கப் போவதில்லை.
லினக்ஸ் வாடகை கொடுப்பதில்லை,
மொட்டை மாடியில் கருவாடு காயவைத்ததற்குப்
பேச்சு வாங்குவதில்லை.

மணலி யார்டில் பகலெல்லாம் கன்டெய்னர் பில் போடுகிறேன்.
அந்த சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு
மாசியில் ஆள் எடுக்கிறார்கள்.
அதற்காகத்தான் இந்த இரவுகள்.
எண்ணூர் சாலையில் டிரெய்லர் பிரேக் போட்டால்
சுவரில் மாதாவின் படம் ஆடும்,
மடியில் மேக் சுடும்,
நான் அனுமதிகளை மனப்பாடம் செய்வேன்:
படிக்க நாலு, எழுத இரண்டு, இயக்க ஒன்று.

ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில்
அழிக்கக் கூடாததை அழித்தேன்.
ஒரே வரி. கேள்வி கேட்காமல் செய்துவிட்டது.
ஸ்னாப்ஷாட் இருந்தது,
பத்து நொடியில் நேற்றைக்குப் போனேன்.
ஐஸ் உடைக்கும் மெஷினில்
கனகுவின் சுண்டுவிரல் போன வியாழனுக்கு
முந்தின நாளை யாரும் எடுத்து வைக்கவில்லை.
அவனிடம் இதைச் சொல்லவில்லை.

வீடு விற்றுப் போனது.
பவுலின் அக்கா அட்வான்ஸில் வெள்ளைக்குப் பிடித்தது போக
மிச்சத்தை எண்ணிக் கொடுத்தாள், இரண்டு தடவை எண்ணி.
குட்டி யானையில் மூன்று நடை.
பீரோ படியில் சிக்கி
காலைக் கழற்றிய பிறகு இறங்கியது.
லினக்ஸை அப்படியே நிறுத்தி, மூடியைச் சாத்தி,
என் பழைய சுங்குடிப் புடவையில் சுற்றி
அரிசி டிரம்மில் வைத்தேன்.

எர்ணாவூரில் மூன்று நாள் கரண்ட் இணைப்பு வரவில்லை.
அனல்மின் புகைபோக்கி மட்டும்
ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிந்தது.

வெள்ளி இரவு திறந்தேன்.
மேக்கில் சரியான நேரம்.
உள்ளே இன்னும் செவ்வாய், அதிகாலை நாலு பன்னிரண்டு.
பாதி அடித்த வரி அப்படியே,
கட்டம் துடித்துக்கொண்டு.
அங்கே இப்போது விசைப்படகுகள் திரும்பும் நேரம்,
பவுலின் அக்கா மோட்டார் போடும் நேரம்,
குடத்தை வரிசையில் வைக்க
நான் இறங்க வேண்டிய நேரம்.

கொஞ்ச நேரம் விட்டுவைத்தேன்.

பிறகு நேரத்தைத் திருத்தச் சொன்னேன்.
கடவுச்சொல் கேட்டது.
அடிப்பது திரையில் தெரியாது,
ஒரு புள்ளிகூட விழாது.
பழைய கதவு எண், சின்னக் கோடு, தெருவின் பெயர்.

தவறு என்றது.
கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தேன்.
மூன்று நாள் ஒரே தாவில் போனது.
உள்ளிருந்து கனகு கூப்பிட்டான்,
குழாயில் வெறும் காற்று வருகிறதாம்.